முதல் விமானம் பறக்க எந்த இடம்?

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானம் வாங்குவது இன்று எளிது. ஆன்லைனில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. ஃபோம் போர்டை வெட்டி ஒட்டி, மோட்டாரும் ரிசீவரும் பொருத்தித் தாங்களே செய்துகொள்ளும் பள்ளிப் பிள்ளைகளும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பறக்கவிட இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. எந்த விமானம் வாங்கலாம் என்று பத்துப் பேரிடம் விசாரிக்கிறவர்கள்கூட, அதை எங்கே பறக்கவிடுவது என்று யாரிடமும் கேட்பதில்லை. வாங்கிய வாரமே தெருமுனை மைதானத்துக்கு எடுத்துப் போகிறார்கள். இரண்டாவது முறையோ மூன்றாவது முறையோ விமானம் மின்கம்பியிலோ வேப்பமரத்திலோ மாட்டிக்கொள்கிறது. அதோடு ஆசையும் அடங்கிவிடுகிறது. கை பழகாததால் விட்டவர்களைவிட, பழகுவதற்கு ஏற்ற இடமும் நேரமும் அமையாததால் விட்டவர்களே அதிகம் என்று நான் நினைக்கிறேன். ஆகவே இடம் என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டின் நிலத்தையும் காற்றையும் சட்டத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பரப்பு. தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது, இறக்கை உடலுக்கு மேலே அமைந்த 'டிரெய்னர்' வகை. ஒரு மீட்டர் இறக்கை கொண்ட டிரெய்னர் நிதானமாகப் பறந்தாலும் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் போகும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வையுங்கள். 30 டிகிரி சாய்ந்து திரும்பினால் அது போடும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 35 மீட்டர். வேகம் நொடிக்கு 15 மீட்டராகக் கூடினால், அதே சாய்வில் விட்டம் 80 மீட்டராகிவிடும். வேகம் ஒன்றரை மடங்கானால் தேவைப்படும் இடம் இரண்டேகால் மடங்காகிறது. மெதுவான, எடை குறைந்த விமானத்தை முதலில் வாங்கச் சொல்வதற்கு இந்தக் கணக்கே போதும்.

கை பழகியவருக்கு இந்த வட்டம் போதும். புதியவருக்குப் போதாது. விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும். ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யோசித்து முடிப்பதற்குள் இரண்டு மூன்று நொடி போய்விடும்; அதற்குள் விமானம் 30 மீட்டர் நகர்ந்திருக்கும். தவறாகத் தள்ளி, திருத்தி, மீண்டும் நேராக்குவதற்குள் இன்னொரு 50 மீட்டர். எனவே இடத்தை விமானத்தின் தேவையை வைத்து அளக்காமல், பறக்கவிடுகிறவர் செய்யப்போகும் பிழையை வைத்து அளக்க வேண்டும். ஒரு மீட்டர் விமானத்துக்கு, நிற்கும் இடத்திலிருந்து முன்னால் 150 மீட்டரும் இருபுறமும் நூறு நூறு மீட்டரும் வெறுந்தரையாக இருக்க வேண்டும் என்பது என் அளவு. கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும்தான். 400 மீட்டர் ஓட்டப்பாதைக்கு உள்ளே இருக்கும் வெளி ஏறக்குறைய 157 மீட்டருக்கு 73 மீட்டர். நம் ஊரில் 'பெரிய கிரவுண்டு' என்று பேர் வாங்கியவையெல்லாம் இந்த அளவுக்குள்தான் வரும். 40, 50 கிராம் எடையுள்ள குட்டி விமானத்துக்கு அது தாராளம். ஒரு மீட்டர் டிரெய்னருக்குக் குறைவு.

இடம் மிகப் பெரிதாக இருந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. தூரம் போகவிடலாம் என்ற தைரியம் வந்துவிடும். ஒரு மீட்டர் இறக்கை 200 மீட்டருக்கு அப்பால், முழுநிலவின் அகலத்தில் பாதியைவிடச் சற்றே அதிகமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். அது வருகிறதா போகிறதா என்றே சொல்ல முடியாது. இறக்கையின் அடிப்பக்கத்தில் கறுப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில் தடித்த பட்டை ஒட்டினால் கொஞ்சம் உதவும். அப்போதும் 100 மீட்டர் வட்டத்துக்குள்ளேயே பழகுவது நல்லது.

பரப்புக்கு அடுத்தது காற்று. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று என்றால் நமக்கு இதமான தென்றல். நொடிக்கு 8 மீட்டர் போகும் இலேசான விமானத்துக்கு அது பாதி வேகம். எதிர்க்காற்றில் தரையை வைத்துப் பார்த்தால் அது நொடிக்கு 4 மீட்டர்தான் நகரும். திரும்பிக் காற்றோடு வரும்போது 12 மீட்டர் பாயும். தன் விமானம் கட்டுமீறிப் போகிறது என்று பயந்து, பழகாதவர் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து, மூக்கைத் தூக்கும் எலிவேட்டரை இழுப்பார். உண்மையில் காற்றைப் பொறுத்தவரை விமானத்தின் வேகம் மாறவே இல்லை. இப்போது குறைத்ததால் இறக்கை தூக்குவிசையை இழக்கிறது, மூக்கு கவிழ்கிறது, விமானம் தரையில் குத்துகிறது. மைதானம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த விபத்தைத் தடுக்காது, நேரம்தான் தடுக்கும். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் காற்றிருந்தால் புதியவர் பெட்டியைத் திறக்காமலே வீடு திரும்பலாம். செடிகளில் சின்னக் கிளைகள் விடாமல் ஆடினாலே காற்று அந்த அளவைத் தாண்டிவிட்டது என்று கொள்ளலாம்.

காற்று வரும் திசையில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயரத் தென்னந்தோப்பு இருந்தால், அதற்கு இப்பால் 100 மீட்டர் வரை காற்று சுழன்று சுழன்று வரும். தரையில் நிற்பவருக்கு அந்த இடம் அமைதியாகத் தோன்றும். இறங்கி வரும் விமானம் அங்கேதான் தூக்கிப் போடப்படும். ஏரிக்கரைக்கும், கல்லூரிக் கட்டடத்துக்கும், அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் இதே விதி.

தமிழ்நாட்டில் இதற்கென்றே அமைந்த பருவம் தை, மாசி, பங்குனி. மழை ஓய்ந்து, வெயில் உச்சத்துக்கு ஏறாத மாதங்கள். சூரியன் உதித்ததிலிருந்து எட்டரை மணி வரைக்கும் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும். அதற்குமேல் தரை சூடேறி வெப்பக்காற்று மேலெழத் தொடங்கும். இலேசான ஃபோம் விமானம் தானாகவே ஏறும், இறங்கும். கடலோர ஊர்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் காலையிலும் ஓயாது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயும் அப்படித்தான். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதே அதற்குச் சாட்சி. அந்தப் பகுதிக்காரர்கள் அந்த மாதங்களில் கம்ப்யூட்டரிலோ செல்பேசியிலோ சிமுலேட்டரில் கை பழகட்டும். 'பிகாசிம்' போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. இடது வலது குழப்பத்தைத் தீர்க்க அது போதும்.

வெயில் வரும் திசையையும் கணக்கில் எடுங்கள். காலையில் பறக்கவிடுவதாக இருந்தால், வெளி நமக்கு மேற்கே விரிந்திருக்க வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கண்ணுக்கு நேரே சூரியன் இருந்து, அதற்குள் விமானம் புகுந்துவிட்டால், ஒரு நொடியில் கண்ணிலிருந்து மறையும். மீண்டும் கண்ணில் படும்போது தரைக்குப் பக்கத்தில் இருக்கும்.

இனி இடங்களைப் பார்ப்போம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு வற்றிய ஏரிதான் முதல் தேர்வு. ஆனால் ஏரி முழுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழம். தண்ணீர் கடைசியாக வற்றுவது அங்கே. வற்றிய பிறகும் அங்கே வண்டல் தடித்துக் கிடக்கும், முழங்கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் ஓடி வரும் உள்வாய்ப் பகுதி, முதலில் காய்கிறது. தரை இறுகி, கணுக்கால் உயரக் கோரையும் புல்லும் மண்டியிருக்கும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கையால் எறிந்து ஏற்றி, அந்தக் கோரைமேல் வயிற்றைத் தேய்த்து இறக்கினால் விமானத்துக்கு ஒரு கீறலும் விழாது. கரைமேல் நின்று பறக்கவிட ஆசை வரும், பார்வைக்கு வசதிதான். ஆனால் கரை ஊருக்குப் போகும் வழி. சைக்கிளும் டிவிஎஸ்-50யும் ஆடு மாடும் வந்தபடி இருக்கும். கரைக்கு அப்பால் தாழ்ந்து பறக்கும் விமானத்துக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் மண்மேடு வந்துவிட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சமிக்ஞை தடைபடும். ஆகவே கரையை விட்டு இறங்கி, உள்ளே நடந்துவிடுவது நல்லது.

ஏரியில் மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று சீமைக்கருவேலம். அதில் விழுந்த விமானத்தை எடுக்கப் போனால் கை கிழியும். இரண்டாவது, மண் அள்ளிய குழிகள். சில ஆள் உயரம் இருக்கும், விளிம்பு செங்குத்தாக வெட்டியிருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்கிறவர் அதில் விழுவார். பறக்கும்போது கால் நகரக் கூடாது என்று முதல் நாளே பழக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது நெருப்பு. காய்ந்த கோரையில் குத்திய விமானத்தின் லித்தியம் பாலிமர் பேட்டரி நசுங்கினால் சில நிமிடம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளும். ஒரு குடம் மணலோ தண்ணீரோ பக்கத்தில் இருக்கட்டும்.

வெறுந்தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். பங்குனி தொடங்கி ஆடி வரை இது நடக்கும். நாம் நடக்கும்போது அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், முட்டையோ குஞ்சோ அருகில் இருக்கிறது என்று பொருள். நூறு அடி தள்ளிப் போய்விடுவது நம் கடமை. பருந்து வட்டமிடும் இடத்திலும் உடனே இறக்கிவிட வேண்டும். அது விமானத்தைப் பாய்ந்து அடிக்கும், சுழலும் புரொப்பெல்லரில் அதன் காலும் சிக்கும். நீர்ப்பறவைகள் தங்கும் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை போன்ற இடங்களைக் கனவிலும் நினைக்கக் கூடாது.

ஏரி இல்லாத ஊரில் அறுவடை முடிந்த வயல் இருக்கிறது. டெல்டாவில் சம்பா அறுவடை முடியும் தை, மாசியில் அரிதாள் நிற்கும் வயல், விமானம் விழுவதற்கு மெத்தைபோல் இருக்கும். வரப்புகள் குறுக்கே வருவதால் ஓடி ஏறும் விமானம் சரிப்படாது, கையால் எறிவதுதான் வழி. கொங்குப் பக்கமும் தென்மாவட்டங்களிலும் தரிசுகள் விரிந்து கிடக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. விமானத்தைத் தேடிப் புதருக்குள் போகிறவர்களுக்கு அது உயிராபத்து. பறக்கவிடும் முன்பே நிலத்தை ஒரு சுற்று நடந்து கிணறு, குழாய், கம்பிவேலி, பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். மின்கம்பியின் தூரத்தை எதிர்வெளிச்சத்தில் கண் சரியாகக் கணிக்காது. கம்பத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கம்பியில் மாட்டிய விமானத்தைக் கழியால் தட்டி எடுக்க ஒருபோதும் முயலக் கூடாது. மின்வாரிய ஊழியரைக் கூப்பிடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பள்ளி, கல்லூரி மைதானம் நகரத்தில் இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் ஒரே வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், கிரிக்கெட் ஆடவருகிறவர்கள் சேர்வதற்கு முன்னால், 250 கிராமுக்குக் குறைந்த விமானம் என்றால் எனக்குச் சம்மதம். அதைவிட எடை கூடியது வேண்டாம். ஒரே ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்தால் போதும். கடற்கரை பரப்பில் குறைவில்லை என்றாலும் கூட்டம், உப்புக்காற்று, மோட்டாருக்குள் நுழையும் மணல் மூன்றும் சேர்ந்து அதைக் கெடுக்கின்றன. மெரினாவில் விடிகாலையிலும் நடைப்பயிற்சிக் கூட்டம் ஓயாது. மொட்டைமாடியும் குடியிருப்புக்குள் இருக்கும் பூங்காவும் இந்தப் பேச்சுக்குள்ளேயே வரக் கூடாது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட ஓடுதளங்கள் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு பக்கங்களில் மிஞ்சியிருக்கின்றன. சோழவரத்து ஓடுதளம் கார் பந்தயத்துக்கே பேர் போனது. மாடல் விமானக்காரர்கள் இவற்றின்மேல் கண் வைப்பது இயல்பு. ஆனால் இவை அரசின் இடங்கள், மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பேச்சும் அவ்வப்போது எழும். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. தொடக்கக்காரருக்குத் தார் ஓடுதளம் தேவையும் இல்லை. புல்தான் அவருக்குத் துணை.

சட்டத்துக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள் நாலு விசிறி வைத்த டிரோனுக்கு மட்டும்தான் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. ஆளில்லாமல் பறப்பவை எல்லாவற்றையும் அந்த விதிகள் விமானம், சுழலிறக்கை, இரண்டும் கலந்தது என்று மூன்றாகப் பிரிக்கின்றன. நம் ஃபோம் விமானமும் அதற்குள் அடக்கம். 250 கிராம் வரை 'நானோ', 2 கிலோ வரை 'மைக்ரோ'. நானோவுக்கும், வருமானத்துக்காக அல்லாமல் பறக்கவிடும் மைக்ரோவுக்கும் பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் எடை எதுவானாலும், வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கும் வான்வெளி வரைபடம் எல்லாருக்கும் பொது. பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி வேண்டாம். விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறைகிறது. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சள் மண்டலம். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி இல்லாமல் தரையிலிருந்து எழும்பவே கூடாது. அதைவிட அருகே சிவப்பு மண்டலம்; அதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இதைச் சென்னை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மீனம்பாக்கத்தைச் சுற்றி 8 கிலோமீட்டர் என்றால் பல்லாவரம், குரோம்பேட்டை, கிண்டி, போரூர் எல்லாம் போயிற்று. தாம்பரத்தில் விமானப்படைத் தளம் வேறு. கோவையில் பீளமேட்டு நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படைத் தளங்கள், தஞ்சாவூரில் விமானப்படைத் தளம். எனவே நகரத்துக்காரர் ஒரு மணி நேரமாவது வெளியே பயணம் செய்யத்தான் வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் அன்றைய நிலையைப் பார்க்க வேண்டும்; மண்டலங்கள் மாறக்கூடியவை. தலைவர்கள் வருகையின்போது காவல்துறை தற்காலிகத் தடை போடுவதும் உண்டு. பச்சை மண்டலமாக இருந்தாலும் கீழே இருக்கும் நிலம் யாருடையதோ அவருடைய சம்மதம் தனியாகத் தேவை.

அந்தச் சம்மதம் பெறுவதுதான் முழு வேலையிலும் நுட்பமானது. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. சிறியவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஆனால் அன்றாடத்தில் ஏரி ஊர்க்காரர்களுடையது. ஆடு மேய்ப்பவரும் மீன் குத்தகைக்காரரும் அங்கே முன்னுரிமை உள்ளவர்கள். பெட்டியோடு போய் இறங்கியதும் வரும் முதல் கேள்வி, "என்ன தம்பி, சர்வேயா?" என்பதுதான். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022-ல் வந்த பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிலம் போய்விடுமோ என்ற அச்சம் ஆழமாக இருக்கிறது. வானத்தில் எது பறந்தாலும் அவர்கள் கேட்பது நியாயம். "இல்லண்ணே, விளையாட்டு விமானம். கேமரா கிடையாது, பாருங்க" என்று கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். முதல் நாள் விமானம் இல்லாமலே போய், ஊராட்சித் தலைவரையோ நிலத்துக்காரரையோ பார்த்துப் பேசி வருவதையே நான் சிபாரிசு செய்வேன். பழகும் காலத்தில் கேமரா பொருத்தவே வேண்டாம். பிள்ளைகள் கூடுவார்கள், அவர்களை விரட்டாமல், நமக்குப் பின்னால் ஒரு கோடு கிழித்து உட்காரவைக்க ஒரு நண்பரை அழைத்துப் போக வேண்டும். தனியாகப் போவது எந்த வகையிலும் சரியல்ல.

வெளிநாடுகளில் இந்தச் சிக்கலை அமைப்பு மூலம் தீர்த்தார்கள். அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய மாடல் விமானக் கழகம் இண்டியானாவின் மன்சி நகரத்தில் தனக்கென்று பெரும் பறப்புத்தளம் வைத்திருக்கிறது. உறுப்பினர்களுக்குக் காப்பீடும் தருகிறது. பிரிட்டனில் 1922-ல் தொடங்கிய அமைப்பு இன்று பிரிட்டிஷ் மாடல் பறப்புச் சங்கமாக வளர்ந்து, பக்மின்ஸ்டரில் தேசிய மையம் நடத்துகிறது. ஊர்தோறும் உள்ள சிறு கிளப்புகள் விவசாயிகளிடம் நிலத்தை வாடகைக்கு எடுத்து, புல்லை வெட்டி, பறக்கும் நேரத்தையும் எல்லையையும் பலகையில் எழுதி வைத்துக்கொள்கின்றன. நமக்கு உடனே எடுத்துக்கொள்ளத்தக்க பாடம் அதுதான். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு விவசாயியிடம், பயிர் இல்லாத மூன்று மாதத்துக்கு, ஞாயிறு காலை மட்டும் என்று பேசி ஒரு தொகை கொடுக்க முடியும். அவருக்கும் வருமானம், நமக்கும் நிலையான இடம்.

அதைவிட எளிய வழி ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது. தமிழ்நாட்டில் வானூர்தியியல் பாடம் நடத்தும் பொறியியல் கல்லூரிகள் பல உண்டு. பலவற்றின் வளாகங்கள் ஊருக்கு வெளியே, பல ஏக்கர் வெற்றுநிலத்தோடு இருக்கின்றன. என்.சி.சி.யின் விமானப் பிரிவு மாணவர்களுக்கு ஏரோமாடலிங் பயிற்சியே ஒரு பாடம். வான்வெளி வரைபடத்தில் பச்சையில் இருக்கும் கல்லூரிகள், ஞாயிறு காலை ஆறு முதல் எட்டரை வரை, ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில், சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மைதானத்தைத் திறந்துவிட்டால் போதும். செலவு ஏதுமில்லை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மாவட்டத்துக்கு ஓரிடம் இப்படி அடையாளம் காட்டலாம். கல்லூரி முதல்வர்களும் தாளாளர்களும் இதை வரும் தை மாதமே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.